மூன்று நிமிடமும் ஒரு மைக்கும்: கல்லூரி மேடைக் கவிஞர்கள்

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து கைப்பேசியை நீட்டினார். "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்க. மக அனுப்பியிருக்கா. அங்கே காலேஜ்ல ஏதோ 'ஸலாம் கவிதை'ன்னு வாராவாரம் கூடுறாங்களாம். இவளும் மேடையில நின்னு பேசுறா. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க விரலைச் சொடுக்குறாங்க. பாராட்டுறாங்களா, கேலி பண்றாங்களான்னே புரியலை. இதெல்லாம் கூடுமா?"

அவருடைய மகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். காணொளியில், தலையை மூடிய அந்தப் பெண் மைக் முன் நின்று, கையில் தாள் எதுவும் இல்லாமல், மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசினாள். இடையில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் இரண்டு முறை வந்தது. 'அத்தா' என்ற சொல். பெரியவரின் காதில் அது மட்டும் விழுந்திருந்தது. "என்னைப் பத்தி என்னமோ சொல்றா. என்னன்னுதான் தெரியலை" என்றார்.

ஒரு விஷயம் இன்னதென்று விளங்காமல் அதற்குச் சட்டம் சொல்லக் கூடாது என்பது மதரஸாவில் நாங்கள் படித்த முதல் விதிகளில் ஒன்று. ஆகவே பதில் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிய குடும்பங்கள் நம்மில் இப்போது ஏராளம். அங்கே கட்டணம் எவ்வளவு, ஹலால் இறைச்சி எங்கே கிடைக்கும், விடுதிக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் உண்டா என்பதெல்லாம் நமக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் நம் பிள்ளை யாரோடு உட்கார்ந்திருக்கிறது, எதைப் பேசுகிறது என்பது தெரிவதில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸலாம் அல்ல, ஸ்லாம்

டென்னிஸில் 'கிராண்ட் ஸ்லாம்' என்று சொல்கிறோமே, அந்த 'ஸ்லாம்' தான் இது. மார்க் ஸ்மித் என்ற கட்டுமானத் தொழிலாளி சிகாகோ நகரில் 1986 ஜூலையில், 'கிரீன் மில்' என்ற ஜாஸ் இசைக்கூடத்தில் ஞாயிறு இரவுகளில் நடத்தத் தொடங்கிய கவிதைப் போட்டிக்கு இந்தப் பெயர் வந்தது. அது மது விற்கும் இடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கவிதை வாசிப்பு என்றாலே படித்தவர்கள் படித்தவர்களுக்கு முணுமுணுப்பது என்றாகிவிட்ட காலம் அது. குடிக்க வந்தவனும் திரும்பிப் பார்க்கும்படி கவிதை சொல்ல வேண்டும் என்பது ஸ்மித்தின் ஆசை. அதற்காக அவர் போட்டியையும் மதிப்பெண்ணையும் கவிதைக்குள் கொண்டுவந்தார். 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது.

விதிகள் எளிமையானவை. சொல்லும் கவிதை சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம்தான். கூடுதலாகப் பத்து விநாடி பொறுப்பார்கள், அதற்கு மேல் போனால் மதிப்பெண் குறையும். வாத்தியம், வேடம், கையில் பொருள் எதுவும் கூடாது. நடுவர்கள் ஐந்து பேர், கூட்டத்திலிருந்து அப்போதே பொறுக்கியெடுக்கப்படுவார்கள். அவர்களுக்குக் கவிதை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொருவரும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், தசமப் புள்ளியோடு மதிப்பெண் போட்டு அட்டையை உயர்த்துவார்கள். ஐந்தில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். முழு மதிப்பெண் 30. போட்டி தொடங்குமுன் போட்டியில் இல்லாத ஒருவரை அழைத்து ஒரு கவிதை சொல்லச் சொல்வார்கள். நடுவர்கள் கை பழகிக்கொள்வதற்காக. அந்த ஆளுக்கு அங்கே 'பலிக்கவிஞர்' என்று பெயர்! குறைந்த மதிப்பெண் போட்ட நடுவரைக் கூட்டம் கூச்சல் போட்டுக் கண்டிக்கலாம். நம் ஊர்ப் பட்டிமன்ற நடுவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

விரல் சொடுக்குவது பாராட்டுதான். நடுவில் கைதட்டினால் கவிஞரின் குரல் அதில் மூழ்கிவிடும் என்பதால், ஒரு வரி நெஞ்சைத் தொட்டால் மெல்லச் சொடுக்குகிறார்கள். சொல்லிக்கொண்டிருப்பவர் வரியை மறந்து திகைத்து நின்றாலும் சொடுக்குவார்கள். 'பரவாயில்லை, நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று பொருள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உர்து முஷாயிராவில் உட்கார்ந்து 'வாஹ் வாஹ்' சொல்லிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கல்லூரிக்குள் வந்த விதம்

அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். கல்லூரி மாணவர்களில் பலர் அந்த வயதை எட்டாதவர்கள். ஆகவே மதுக்கூடத்தில் பிறந்த இந்தக் கலை வளாகத்துக்குள் நுழைந்தபோது இடம் மாறிவிட்டது. மாணவர் சங்கக் கட்டடம், விடுதியின் கீழ்த்தளம், நூலகத்தின் ஓரத்து அறை, காபிக் கடை. போட்டி இல்லாமல் பெயர் கொடுத்தவர் எவரும் ஏறிப் பேசலாம் என்ற நிகழ்ச்சிக்கு 'ஓபன் மைக்' என்கிறார்கள். வளாகத்தில் வாராவாரம் நடப்பது பெரும்பாலும் அதுதான். போட்டி எப்போதாவது வரும்.

ஆனால் மாணவர்களும் மேடைக் கவிதையும் சந்தித்தது சிகாகோவுக்கு முன்பே. அந்தக் கதையில் நமக்குத் தெரிந்த பெயர்களும் வருகின்றன. மால்கம் எக்ஸின் பிறந்த நாளான மே 19 அன்று, 1968இல், நியூயார்க்கின் ஹார்லம் பகுதிப் பூங்கா ஒன்றில் 'லாஸ்ட் போயட்ஸ்' என்ற குழு உருவானது. கறுப்பின இளைஞர்கள் மேளத்தோடு கவிதை சொன்ன குழு. பின்னர் அதன் முக்கியக் குரல்களாக விளங்கிய ஜலாலுத்தீன் மன்சூர் நூரித்தீன், உமர் பின் ஹசன் இருவரும் முஸ்லிம்கள். 1969இல் இந்தக் குழு பென்சில்வேனியாவில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்து கவிதை சொன்னது. கறுப்பின மாணவர்களுக்காக 1854இல் தொடங்கிய பழைமையான கல்வி நிலையம் அது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கே படித்து 1929இல் பட்டம் பெற்றவர். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மாணவர் மேடைக்குப் பின்னால் வந்து, உங்களைப் போல நானும் ஒரு குழு தொடங்கலாமா என்று கேட்டார். அவர் கில் ஸ்காட் ஹெரான். பின்னாளில் 'ராப்' இசையின் முன்னோடி என்று உலகம் சொன்ன அதே கில் ஸ்காட் ஹெரான். ஒரு கல்லூரி மண்டபத்தில் ஒரு மாலை நேரம் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி எனக்குப் போதும்.

2001இல் கல்லூரி மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று கல்லூரிகளுக்கிடையே ஆண்டு ஸ்லாம் போட்டியைத் தொடங்கியது. 2002 முதல் 2007 வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சி மேடைக் கவிதைக்கென்றே ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் வந்தவர்களில் சுஹைர் ஹம்மாத் என்ற பாலஸ்தீனப் பெண்ணும் ஒருவர். அகதிக் குடும்பத்தில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அவர் எழுதிய கவிதை மின்னஞ்சல் வழியே கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. 2007இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், மேடைக் கவிதையும் ஹிப் ஹாப் கலைகளும் பயிலும் மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் தரும் 'ஃபர்ஸ்ட் வேவ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளைக்கு இடம் கேட்டு அலையும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கவிதைக்கும் அப்படி ஒரு வாசல் உண்டு என்பது எனக்கே புதிய செய்தி.

எல்லோரும் இதை வரவேற்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற இலக்கியப் பேராசிரியர் ஹெரால்ட் புளூம், 2000ஆம் ஆண்டில் 'பாரிஸ் ரிவ்யூ' இதழில், இந்த ஸ்லாம் கலையின் மரணம் என்ற பொருளில் கடுமையாகச் சாடினார். நல்ல கவிதைக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஐந்து பேர் மதிப்பெண் போடுவதா என்பது அவரைப் போன்றவர்களின் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பல காணொளிகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே ஏற்ற இறக்கம், ஒரே கையசைவு. ஆனாலும் அதே யேல் வளாகத்தில் 'வேர்ட்', ஆசிய அமெரிக்க மாணவர்களின் 'ஜூக் சாங்ஸ்', லத்தீன் அமெரிக்கப் பண்பாட்டு இல்லத்தோடு சேர்ந்த 'ஓயே' என்று மாணவர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. 'ஓயே' என்றால் ஸ்பானிய மொழியில் 'கேள்' என்று பொருள்.

கேட்பவர்கள்

மேடையில் நாம் பார்ப்பது மூன்று நிமிடம். அதற்குப் பின்னால் வாரம் முழுக்க நடக்கும் வேலை காணொளியில் வராது. பத்துப் பதினைந்து பேர் ஒரு அறையில் வட்டமாக உட்காருகிறார்கள். ஒருவர் ஒரு தொடக்கம் தருகிறார். உங்கள் வீட்டுச் சமையலறையின் வாசனை, உங்கள் பெயரை வகுப்பில் யாராவது தப்பாக உச்சரித்த நாள், இப்படி ஏதாவது ஒன்று. பத்து நிமிடம் எல்லோரும் எழுதுகிறார்கள். பிறகு விரும்பியவர் வாசிக்கிறார். மற்றவர்கள் 'நன்றாக இருக்கிறது', 'இல்லை' என்று தீர்ப்புச் சொல்வதில்லை. எந்த வரி மனதில் நின்றது, எங்கே புரியாமல் போனது என்று மட்டும் சொல்கிறார்கள். அறைக்குள் சொன்னது அறைக்கு வெளியே போகக் கூடாது என்று பேச்சு. நம் வழக்கில் சொன்னால், மஜ்லிஸில் பேசியது அமானத்.

வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை என் கல்லூரி நாட்களோடு வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. மதரஸாவில் ஓதி முடித்துவிட்டு பி.ஏ. சேர்ந்தவன் நான். கல்லூரிக் கவியரங்கங்களில் பாடியிருக்கிறேன். தலைப்பைத் தலைவர் தருவார். அவர் நம்மை அறிமுகம் செய்து நான்கு வரி பாடுவார், நாம் அவரைப் புகழ்ந்து நான்கு வரி பாடிவிட்டுத்தான் தலைப்புக்கே வருவோம். 'ஒற்றுமை', 'உழைப்பே உயர்வு' என்று ஏதாவது இருக்கும். கைதட்டல் கிடைத்தது. அந்த நாட்களில் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது விடுதிக் கட்டணம் கட்ட முடியாத கவலை. அதை ஒரு கவிதையாக எழுதலாம், மேடையில் சொல்லலாம், கேட்பவர்களில் இன்னும் பத்துப் பேருக்கு அதே கவலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கவியரங்கை நான் குறைத்துப் பேசவில்லை. தமிழை எனக்குக் கற்றுக் கொடுத்தது அது. ஆனால் பக்கத்தில் நின்று பாடியவன் யார் என்று எனக்குத் தெரியாமலே மூன்று ஆண்டும் போய்விட்டது.

அமெரிக்காவில் முஸ்லிம் மாணவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1963இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து அவர்களுக்குக் கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது. ஜும்ஆ, இஃப்தார், பெருநாள் எல்லாம் அங்கேதான். செப்டம்பர் 11க்குப் பிறகு அந்த இடத்தின் மீது வேறு கண்கள் விழுந்தன. நியூயார்க் காவல்துறை முஸ்லிம்களை ரகசியமாகக் கண்காணித்ததை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2011இலும் 2012இலும் தொடர் செய்திகளாக வெளிக்கொண்டு வந்தது. அந்தப் பணிக்கு புலிட்சர் விருதும் கிடைத்தது. யேல், பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களின் முஸ்லிம் மாணவர் சங்கங்களின் இணையப் பக்கங்கள் கூட கண்காணிப்பில் இருந்தன. 2008இல் நியூயார்க் சிட்டி கல்லூரி முஸ்லிம் மாணவர்கள் ஆற்றில் படகுப் பயணம் போனபோது, அவர்களில் ஒருவராக ஒரு ரகசியக் காவலரும் சென்றிருக்கிறார். யார் யார் வந்தார்கள், எத்தனை முறை தொழுதார்கள் என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தன்னோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர் யாருக்காகத் தன் பேச்சைக் கேட்கிறார் என்று சந்தேகப்பட வேண்டிய நிலையில் ஒரு மாணவனை வைத்துப் பாருங்கள். அவன் இரண்டில் ஒன்றைச் செய்வான். வாயை மூடிக்கொள்வான், அல்லது எல்லோரும் கேட்கும்படி மைக்கில் பேசிவிடுவான். பல வளாகங்களில் முஸ்லிம் பிள்ளைகள் ஓபன் மைக்கை நோக்கிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். முஸ்லிம் மாணவர் சங்கங்களே கவிதை இரவுகளை நடத்தத் தொடங்கின. சில இடங்களில் பெண்களுக்கு மட்டுமான கவிதை அமர்வுகளும் உண்டு. பெற்றோர் கேட்டு அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இரண்டு பெண்கள்

எம்திதால் மஹ்மூத் சூடானின் தார்ஃபூர் பகுதியைச் சேர்ந்தவர். எமி என்று அழைக்கப்படுகிறார். குடும்பம் இடம்பெயர்ந்து, யேமன் வழியாக அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் குடியேறியது. யேலில் மானுடவியலும் மூலக்கூறு உயிரியலும் படித்துக்கொண்டே கவிதை சொன்னார். 2015இல் தனிநபர் உலக ஸ்லாம் போட்டியில் கலந்துகொண்டபோது, போட்டி தொடங்கும் வேளையில் அவருடைய பாட்டி மௌத்தான செய்தி வந்தது. அந்தத் துயரத்திலேயே தன் தாயைப் பற்றி ஒரு கவிதை எழுதி மேடையேறினார். முதலிடம் பெற்றார். மூன்று நிமிடக் கவிதையின் வழியே, செய்தித்தாளில் எண்ணிக்கையாக மட்டும் வந்துகொண்டிருந்த தார்ஃபூருக்கு ஒரு தாயின் முகம் கிடைத்தது. 2018இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் அவரை நல்லெண்ணத் தூதராக்கியது. அதற்குச் சற்று முன், சமாதானம் வேண்டி தார்ஃபூரிலிருந்து தலைநகர் கார்ட்டூம் வரை 30 நாட்களில் சுமார் 1000 கிலோமீட்டர் நடந்தார். கவிதை சொன்னவர் கவிதையோடு நின்றுவிடவில்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்னொருவர் சுஹைமா மன்சூர் கான். பிரிட்டனைச் சேர்ந்தவர், கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர். 2017இல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கின் ஸ்லாம் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் உலகம் முழுவதும் பல இலட்சம் பேர் பார்த்தது அவருடைய கவிதையைத்தான். முஸ்லிம்களும் மனிதர்களே என்று நிரூபித்துக் காட்டும் கவிதையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள் என்பது அதன் சாரம். நாங்கள் சிரிக்கிறோம், சாதிக்கிறோம், நாட்டுக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று பட்டியல் போட்டுத்தான் எங்களை நேசிக்க வைக்க வேண்டுமா என்று கேட்டார். நம் இளைஞர்கள் பலர் இந்தக் கேள்வியை மனதுக்குள் சுமந்துகொண்டிருப்பதை நான் அறிவேன்.

இவரைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜில் வெள்ளையரல்லாத மாணவியர் கூடிப் பேசுவதற்கென்று 'ஃபிளை' என்ற வட்டம் இருந்தது. அதில் இருந்த நான்கு பேர் சேர்ந்து, அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் தங்களைப் போன்றவர்கள் எப்படி மூச்சு விட்டார்கள் என்பதை 2019இல் ஒரு நூலாகக் கொண்டுவந்தார்கள். நால்வரில் சுஹைமாவும் ஒருவர். அடுத்து வரும் மாணவிக்கு ஒரு கைவிளக்குப் போல அந்தப் புத்தகம் இருக்கிறது. மேடையில் தெரிந்த துணிவு அந்த வட்டத்தில் உட்கார்ந்து வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

காயத்துக்கு மதிப்பெண்

எல்லாம் நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது விளம்பரமாகிவிடும். இந்த மேடையில் எனக்கு ஒரு பெரிய கவலை உண்டு. ஸ்லாம் நடத்துபவர்களே அதைப் பற்றி நீண்ட காலமாகப் பேசி வருகிறார்கள். அதிகம் வலித்த கவிதைக்கு அதிக மதிப்பெண் என்றாகிவிட்டால், பிள்ளைகள் வலியைத் தேடிப் போவார்கள். பத்தொன்பது வயதில் ஒருவர் தனக்கு நேர்ந்த கொடுமையையோ, நோயையோ முன்பின் தெரியாத ஐந்து பேர் முன் வைக்கிறார். அவர்கள் 8.4 என்று அட்டையைத் தூக்குகிறார்கள். அதை எதிர்கொள்ளும் மனது எல்லோருக்கும் வாய்க்காது. போட்டி இல்லாத ஓபன் மைக்கையும் எழுதும் வட்டத்தையும் நான் உயர்வாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, காணொளி. 2011இல் மின்னசோட்டாவில் தொடங்கிய 'பட்டன் போயட்ரி' என்ற நிறுவனம் கல்லூரிப் போட்டிகளின் காணொளிகளை யூடியூபில் ஏற்ற, அறைக்குள் சொன்னது உலகத்துக்கே போய்விட்டது. அப்படிப் பரவியவற்றில் ஒன்று, வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவி லில்லி மையர்ஸ் 2013 கல்லூரிப் போட்டியில் சொன்ன கவிதை. தன் தாய் குறைவாகச் சாப்பிட்டு, குறைவாகப் பேசி, வீட்டுக்குள்ளேயே சுருங்கிக்கொண்டு போவதையும், தந்தை அகன்றுகொண்டே போவதையும், அந்தச் சுருங்கலைத் தானும் கற்றுக்கொண்டதையும் சொல்கிறாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் நம் வீட்டுத் தாய்மார்களின் நினைவு வராமல் அதைக் கேட்க முடியாது. உண்மையான கவிதை. ஆனாலும் அந்தத் தாயிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார்களா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. வீட்டாரைப் பற்றிச் சொல்லும்போது அது அவர்களுடைய அமானத்தும்கூட. நம் பிள்ளைகளிடம் பேச வேண்டிய விஷயம் இது. 'மேடை ஏறாதே' என்று சொல்வதைவிட, 'இதை ஏற்றுவதற்கு முன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டாயா' என்று கேட்பது அவர்கள் காதில் ஏறும்.

கூடுமா கூடாதா என்ற கேள்விக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கவிஞர்கள்' என்ற பெயரிலேயே குர்ஆனில் ஒரு சூரா இருக்கிறது. அதன் இறுதியில் திக்குத் தெரியாமல் அலையும் கவிஞர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். உடனேயே ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அநீதிக்கு உள்ளான பின் தற்காத்துக்கொள்பவர்களுக்கு விலக்கும் அளிக்கப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு மிம்பர் போடச் செய்து கவிதை சொல்ல வைத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆக, கவிதை என்பதற்காக மறுக்க இடமில்லை. என்ன சொல்லப்படுகிறது, எந்தச் சூழலில், எந்த ஒழுக்கத்தோடு என்பதைத்தான் பார்க்க வேண்டும். உடை, கலப்பு, நேரம் ஆகியவற்றைப் பற்றி அந்தந்தக் குடும்பம் பிள்ளையோடு நேரடியாகப் பேசிக்கொள்வதே முறை. இதை வெளியிலிருந்து ஒரே வரியில் நான் தீர்த்துவைக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து பெரியவர் வந்தார். சட்டம் கேட்க வரவில்லை. "அத்தான்னு சொன்னாளே, அது என்ன ஹஜ்ரத்?" என்றுதான் கேட்டார்.

காணொளியை நான் நான்கைந்து முறை கேட்டிருந்தேன். சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போன் செய்து 'சாப்பிட்டியா, தொழுதியா' என்று இரண்டு கேள்வி கேட்கிறீர்களாம். அவள் இரண்டுக்கும் 'ஆமா' என்கிறாளாம். உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்களாம். அவளிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறதாம். மூன்றாவது கேள்விக்காகக் காத்திருக்கிறாளாம். அவ்வளவுதான் கவிதை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பள்ளிவாசல் தூணில் சாய்ந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த கூட்டம் எப்போது என்று மகளிடம் கேட்டாராம். வியாழன் இரவு எட்டரைக்கு என்றாளாம், முன்வரிசையில் உட்காரும் தோழியிடம் போனைக் கொடுத்து வீடியோ அழைப்பில் காட்டுகிறேன் என்றாளாம். நம் நேரத்துக்கு அது எப்போது என்று என்னிடம் கேட்டார். அது அக்டோபர் மாதம், ஒன்பதரை மணி நேர வித்தியாசம்.

"வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி, பாய்."

"ஃபஜ்ர் தொழுதுட்டு வந்து உட்கார்ந்தா சரியா இருக்கும்" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். சொடுக்குவது எந்த விரலால் என்று கேட்டார்.